எச்சரிக்கைகளை அடக்கி வைத்த ஒரு வரி

1

பேச்சியம்மாளின் போன் வந்தபோது மெட்ரோ யமுனைப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. மயூர் விஹாரில் ஏறி, லாஜ்பத் நகரில் வண்டி மாறி, லோதி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஊர்ப் பக்கத்திலிருந்து யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

"யக்கா, பேச்சி பேசுதேன். வண்டில இருக்கியளா? ஒரே இரைச்சலா கெடக்கு."

"இருக்கேன், சொல்லு."

"லிஸ்டு வந்துருக்காம்லா. எம்பேரு அதுல இருக்காம். பாதிக்கு மேல வெறும் ஃபாரமா வந்துருக்குன்னு சொல்லுதாவ. நான் ஒண்ணக்கூட வெறுமனே அனுப்பலக்கா. வீடு வீடா வெயில்ல நின்னு எழுதுனது."

"யாரு சொன்னா?"

"ஜில்லா ஆபீஸ் சார் சொன்னாரு. வெள்ளிக்கிழம டெல்லில கையெழுத்தாகுமாம். ஆயிட்டுன்னா அம்புட்டுதானாம்."

குரலில் அழுகை இல்லை. விளக்கம் கேட்கும் குரல்தான். எனக்கு அது கூடுதல் சங்கடமாக இருந்தது. "போய்ப் பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் சில மாநிலங்களில் குடிநீர் பற்றி வீடு வீடாக விசாரித்துத் தகவல் சேர்க்கிறது. பேச்சியம்மாள் கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் எங்கள் களப்பணியாளர். கணவர் தீப்பெட்டி ஆலையில் இருக்கிறார்; இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். யாருக்குப் புதுப்பிக்க வேண்டாம் என்ற பட்டியலும் ஆண்டுக்கு ஒருமுறை தயாராகும். யார் எத்தனை பதில்களைக் காலியாக விட்டார்கள் என்று காட்டும் ஓர் அட்டவணையை வைத்து அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அந்த அட்டவணையைத் தயாரிப்பது நான் எழுதிய கணினி நிரல்.

இதை நான் பேச்சியிடம் சொல்லவில்லை.

2

ஊருக்கு வரும்போது "டெல்லியில என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினொரு ஆண்டு இருந்தேன். கணவருக்கு மத்திய அரசு வேலையில் மாற்றல் வந்தது. டெல்லிக்கு வந்து இருபத்தொரு ஆண்டு ஆகிறது. முதல் ஆண்டுகளில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருத்தியால் இந்த நகரத்துக்கு ஆக வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கடையில் இந்தியில் "தோ கிலோ" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பிறகு இந்த நிறுவனத்தில் தமிழ்நாட்டுப் படிவங்களை ஆங்கிலமாக்கும் வேலை கிடைத்தது. படிவங்கள் கணினிக்குள் போனபோது நானும் பின்னாலேயே போனேன். நாற்பது வயதில் ஆர் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டேன். ஓர் எழுத்துதான் அதன் பெயர்.

புள்ளியியல்காரர்கள் தங்கள் உபயோகத்துக்காகச் செய்துகொண்ட மொழி அது. அதனால் விடுபட்ட பதில்களின் மேல் அதற்குத் தனி அக்கறை உண்டு. பதில் இல்லாத இடத்தில் என்.ஏ. என்று எழுதி வைக்கும். பூஜ்யம் வேறு, என்.ஏ. வேறு. பூஜ்யம் என்றால் தண்ணீர் வரவில்லை. என்.ஏ. என்றால் வந்ததா வரவில்லையா என்று நமக்குத் தெரியவில்லை.

ஏதாவது சரியில்லை என்றால் ஆர் இரண்டு விதமாகச் சொல்லும். ஒன்று பிழை. வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சரிசெய்யாமல் மேலே போக முடியாது. மற்றது எச்சரிக்கை. வேலையை முடித்துக் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு, கடைசியில், "ஒரு சந்தேகம்" என்று சொல்லும். கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

செய்தி மேசையில் இந்த இரண்டும் எனக்குப் பழக்கம்தான். படம் வந்து சேராமல் பக்கம் நின்றுபோனால் கட்டடமே விழித்துக்கொள்ளும். மெய்ப்பு பார்ப்பவர் ஓரத்தில் பென்சிலால் போடும் ஒரு கேள்விக்குறி அப்படியில்லை. அதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பத்திரிகை அச்சாகிவிடும். மறுநாள் வாசகரிடமிருந்து கடிதம் வந்த பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு, முந்தின இரவே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருந்திருக்கும்.

ஆர் எச்சரிக்கைகளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகாது. அளவு மீறினால் "ஐம்பதோ அதற்கு மேலோ எச்சரிக்கைகள் உள்ளன, வேண்டுமானால் முதல் ஐம்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். ஐம்பத்தொன்றாவது என்ன என்று அதனிடம் கேட்கவும் முடியாது.

3

அந்த வரியை நான் எழுதிய நாள் நினைவிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன்பு, பண உதவி செய்யும் அமைப்பிலிருந்து விருந்தினர்கள் வந்த நாள். இயக்குநர் கன்னா மேடம் அவர்களை என் மேசைக்கு அழைத்து வந்தார். நிரலை ஓட்டிக் காட்டச் சொன்னார். வரைபடம் அழகாக வந்தது. அதன் கீழே திரையில் சிவப்பு எழுத்தில் நாலைந்து வரிகள் வந்தன.

"யே லால்-லால் க்யா ஹை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் மேடம். இந்தச் சிவப்பெல்லாம் என்ன என்கிறார்.

"வார்னிங் மேடம். பெரிதாக ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லை என்றால் எதற்கு வருகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விருந்தினர்களும் சிரித்தார்கள்.

நியாயமான கேள்வி. அதற்கு நான் தேடியிருக்க வேண்டிய பதில் வேறு. அன்று மத்தியானம், எழுத்தாக வந்த பதில்களை எண்ணாக மாற்றும் இடத்தில் `suppressWarnings` என்ற சொல்லைச் சேர்த்தேன். எச்சரிக்கைகளை அடக்கு என்று பொருள். நிரலின் நூற்றுப் பதினெட்டாவது வரி. திரை சுத்தமாகிவிட்டது. சராசரி எடுக்கும் இடத்தில், என்.ஏ.க்களை விட்டுவிட்டு மீதியைக் கூட்டு என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. முதல் வரி சத்தத்தை நிறுத்தியது. இரண்டாவது வரி ஆளையே கணக்கிலிருந்து அகற்றியது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் பாடப்புத்தகத்தில் இருக்கும் சாதாரண விஷயம்தான்.

அடுத்த முறை விருந்தினர் வந்தபோது மேடம் என்னைக் காட்டி, "இவர் வேலை எப்போதும் சுத்தம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

4

செவ்வாய்க்கிழமை அலுவலகம் போனதும் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு நிரலை ஓட்டினேன். ஐம்பதுக்கு மேல் எச்சரிக்கைகள் என்றது. முதல் ஐம்பதைக் கேட்டேன். ஐம்பதும் ஒரே வாக்கியம்: மாற்றும்போது என்.ஏ.க்கள் நுழைந்துவிட்டன. யார் அனுப்பியது, எந்த வீடு, என்ன எழுதியிருந்தது, ஒன்றும் கிடையாது. எச்சரிக்கை என்பது அவ்வளவுதான். எங்கே என்று தேடுவது நம் பொறுப்பு.

அட்டவணையில் பதில்கள் எழுத்தாக இருந்த பழைய பத்தியையும் எண்ணாக மாற்றிய புதிய பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பு ஏதோ எழுதியிருந்து இப்போது என்.ஏ. ஆகிவிட்ட பதில்களை மட்டும் எடுத்துத் தரும்படி நிரலில் நான்கு வரி எழுதினேன். பேச்சியம்மாள் பெயரைப் போட்டேன். திரை நிறையத் தமிழ் வந்தது.

கேள்வி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது. பதில்கள் இப்படி இருந்தன:

எட்டு நாளைக்கு ஒருக்க ஒன்றரை மணி.

வரும், எப்பன்னு தெரியாது.

2 (போன மாசம் வரை).

குழாய் இருக்கு, தண்ணி இல்ல.

பக்கத்து வீட்டில் வந்தால் இவங்களுக்கு வராது. ஆளுக்கு முக்கா மணி மாத்தி மாத்தி.

பதில் எழுதும் கட்டத்தில் எண்களை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாட்டைச் செய்ய யாரோ மறந்திருந்தார்கள். அதனால் பேச்சியால் இதையெல்லாம் எழுத முடிந்தது. எண்ணாக மாற்று என்று சொன்னால் ஆரால் இதை மாற்ற முடியாது. என்.ஏ. போட்டுவிட்டு எச்சரிக்கும். நான் எச்சரிக்கையை அடக்கி வைத்திருந்தேன். அட்டவணையில் அது "பதில் காலி" என்று ஏறியது.

மிஞ்சியவை யாருடைய பதில்கள் என்று பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று ஒரே எண்ணில் பதில் சொல்ல முடிந்த வீடுகள். அதாவது தினமும் தண்ணீர் வரும் தெருக்கள். அவற்றை மட்டும் கூட்டி வகுத்து, அந்தப் பகுதி முழுவதற்கும் சராசரி போட்டிருந்தோம். அறிக்கை அச்சாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் இந்தப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது நான். "கேட்டதைக் கேட்டபடி எழுதுங்க. சுருக்காதீங்க, ரவுண்டு பண்ணாதீங்க. அவங்க சொன்ன வார்த்தை முக்கியம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். செய்தி மேசையில் நிருபர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சில பணியாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எல்லா வீட்டுக்கும் "1" என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை. பேச்சி நான் சொன்னபடி செய்திருந்தாள்.

5

இங்கே எங்கள் குடியிருப்பில் காலையிலும் மாலையிலும் தண்ணீர் வரும். மாலை ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டால் மேல்தொட்டி நிரம்புகிறது என்று அர்த்தம். ஊரில் தண்ணீர் வரும் நாளுக்கு லீவு போட்டவர்களை எனக்குத் தெரியும். கல்யாணத் தேதியைத் தண்ணீர் வரும் நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களையும் தெரியும். என் மகள் மீராவுக்கு அது ஒரு கதை. அவள் டெல்லியில் பிறந்தவள். கல்லூரியில் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.

செவ்வாய் மாலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்? சிம்பிள். `tryCatch` போட்டுடு. வார்னிங் வந்தா பிடிச்சுக்கும்."

"போட்டுப் பாத்துட்டேன். ஃபைலே காணாமப் போயிருது."

"அப்படியா? காட்டு."

காட்டினேன். `tryCatch` எச்சரிக்கையைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பதற்காகச் செய்துகொண்டிருந்த வேலையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடும். ஒரு வீட்டின் பதில் எண்ணாக மாறவில்லை என்றால், அந்தப் பணியாளரின் மொத்தப் பத்தியும் கைவிடப்படும். முன்பு பாதி போயிற்று, இப்போது முழுவதும் போகும்.

"அச்சா," என்றாள் மீரா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிறிது நேரம் தேடிவிட்டு, "இது வேற ஒண்ணு இருக்கு, பாரு. `withCallingHandlers`. இது வார்னிங்க கேட்டுக்கும், எழுதி வெச்சுக்கும், வேலைய விடாது. எந்த ஃபைல்னும் சேத்து எழுதிக்கலாம். ஜல்தி டைப் பண்ணு, நான் சொல்றேன்."

"நீயே பண்ணேன்."

"உன் ஆபீஸ் வேலைய நான் பண்ணா என் அசைன்மென்ட்ட நீ பண்ணுவியா?"

தட்டினேன். ஒவ்வொரு எச்சரிக்கையும் எழும்போது அதன் வாசகம், கோப்பின் பெயர், மாறாமல் போன மூலப் பதில் எல்லாம் தனிப் பட்டியலில் ஏறும். பிறகு சிவப்பு எழுத்தைத் திரைக்கு விடாமல், வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் பிழையே வந்து நின்றுபோனாலும் பட்டியல் மட்டும் கோப்பாகச் சேமிக்கப்பட வேண்டும் என்று கடைசியில் ஒரு `finally` சேர்த்தோம். மேடம் கேட்ட சுத்தமான திரையும் இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன்பு இதைச் செய்ய அரை நாள் போதியிருக்கும்.

பட்டியல் வந்தது. மீரா குனிந்து பார்த்தாள்.

"இதுல என்ன எழுதிருக்கு?"

அவளுக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க வராது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் தமிழ் இருந்தது. அவள் டைரியில் டீச்சர் மாதம் ஒருமுறை எழுதி அனுப்புவார்: வீட்டில் வாசிக்கப் பழக்கவும். நான் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். நன்றாகத்தான் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தாள், எதுவும் நின்றுபோகவில்லை. ஆறாம் வகுப்பில் வேறு மொழி எடுத்துக்கொண்டாள். அந்தக் கையெழுத்துகள் ஐம்பதுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்க்க டைரிகள் இப்போது இல்லை.

ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். "வரும், எப்பன்னு தெரியாது" என்பதற்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இது மிஸ்ஸிங் இல்லையேம்மா. எப்ப வரும்னு தெரியாதுங்கறதே ஒரு ஆன்சர்தானே. இதுக்கு டேபிள்ல தனியா ஒரு கட்டம் வேணும்."

"வேணும்."

"இந்த ஆன்ட்டி பேர் என்ன?"

"பேச்சியம்மாள். இவளத்தான் வேலையவிட்டு எடுக்கப் போறாங்க."

"அவங்கதான் உங்க ஆபீஸ்லயே பெஸ்ட் டேட்டா கலெக்டர். அவங்கள எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

6

புதன்கிழமையும் வியாழக்கிழமை பாதியும் அந்தப் பதில்களை ஒவ்வொன்றாகப் படித்து, மாற்ற முடிந்ததை எண்ணாக மாற்றினேன். எட்டு நாளைக்கு ஒன்றரை மணி என்றால் நாளுக்குப் பதினொரு நிமிடம். மாற்ற முடியாததைத் தனிப் பத்தியில் வைத்தேன். அந்தப் பகுதியின் சராசரி பாதிக்கும் கீழே இறங்கியது. பட்டியலிலிருந்த ஏழு பேரில் பேச்சியோடு சேர்த்து மூன்று பேருக்கு நூற்றுப் பதினெட்டாவது வரிதான் காரணம்.

ஒப்பந்தங்களைப் பார்ப்பவர் ஜெபராஜ். நாகர்கோவில்காரர், டெல்லிக்கு என்னைவிட நான்கு ஆண்டு மூத்தவர். அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"எதுக்குக்கா கெடந்து பதறுதிய? மேடம்ட்ட சொல்லுங்க. மூணு பேரையும் லிஸ்டுலருந்து அடிச்சிருவாங்க, முடிஞ்சு."

மேடமும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். கோபப்படவில்லை. முழுவதும் கேட்டார். "நல்லவேளை, வெள்ளிக்கு முன்னால் பார்த்தீர்கள். மூன்று பெயர்களையும் எடுத்துவிடுகிறேன். நிரலை அடுத்த சுற்றுக்குச் சரிசெய்துவிடுங்கள். அறிக்கை போய்விட்டது, யாரும் கேட்கவில்லை. பழையதைக் கிளற வேண்டாம்."

நான் சரி என்றேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும். வெளியே வரும்போது மனம் லேசாக இருந்தது. பேச்சியின் வேலை தப்பித்தது; என் பெயரும் தப்பித்தது.

அந்த லேசு ஜெபராஜ் அறை வரைக்கும்தான் நீடித்தது. பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு படிவம் உண்டு. அவர் அதை என் முன்னால் வைத்தார். நான்கு கட்டங்கள்: பெயர், மாவட்டம், காரணம், காரணத்துக்குப் பொறுப்பானவர்.

"காரணம் என்ன போட?" என்று அவரே கேட்டார்.

"மறுபரிசீலனைன்னு போடுங்க."

"அது காரணம் இல்லக்கா. அது நாம செஞ்சது. ஏன் செஞ்சோம்னு ஆடிட்ல கேப்பான்."

"தொழில்நுட்பக் கோளாறு."

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "பேப்பர்ல இருந்தவிய நீங்க. யாராவது ஒருத்தன் தொழில்நுட்பக் கோளாறுன்னு அறிக்க விட்டா அப்படியே போடுவியளா?"

போட மாட்டேன். எந்தத் தொழில்நுட்பம், யார் கையில் இருந்தது என்று நிருபரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"எங்க பேப்பர்ல திருத்தம்னா உள்பக்கத்துல கீழ் மூலையில சின்ன எழுத்துல போடுவோம் ஜெபராஜ்."

"இதுல மூலை கெடையாது. கட்டம்தான் இருக்கு. காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது."

அலுவலகப் படிவங்களை இத்தனை ஆண்டும் நான் குறை சொல்லித்தான் வந்திருக்கிறேன். அன்று அந்த நாலாவது கட்டம் என்னை விடவில்லை. எழுதினேன். காரணம்: களப்பணியாளர் அனுப்பிய பதில்களை நிரல் காலி என்று தவறாகக் காட்டியது, எச்சரிக்கைகள் நிரலில் வேண்டுமென்றே அடக்கி வைக்கப்பட்டிருந்தன. பொறுப்பு: என் பெயர்.

ஜெபராஜ் வாசித்துவிட்டு முத்திரை போட்டார். பிறகு, "இப்படி எழுதினா மேடம் கையெழுத்துப் போடுறப்ப படிப்பாங்கல்லா" என்றார்.

படித்தார். என்னை வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டு விட்டார். "இதை எழுதிய பிறகு அறிக்கையைத் திருத்தாமல் இருக்க முடியாது, தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன். இந்தக் குறிப்பு என் கோப்பிலும் இருக்கும் என்றார். அதுவும் தெரியும். கையெழுத்துப் போட்டார். திருத்தப் பக்கம் ஒன்று அறிக்கை பெற்ற எல்லோருக்கும் போனது.

பேச்சிக்குப் பன்னிரண்டு மணிக்குச் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன், யாரால் என்பதையும்.

"நீங்களாக்கா?" என்றாள். பிறகு, "அப்பம் இனிமே எப்படி எழுதணும்? ஒண்ணு ரெண்டுன்னே போட்டுருட்டா?"

"வேண்டாம். இப்ப எழுதுற மாதிரியே எழுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். கேலி செய்கிறாள் என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

7

காரணம் எழுத்தில் ஏறிவிட்டால் முந்தைய சுற்றுகளையும் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஜெபராஜ்தான் நினைவூட்டினார். திங்கட்கிழமை புதிய நிரலை முந்தைய ஆண்டுகளின் கோப்புகளில் ஓட்டினேன். எச்சரிக்கைப் பட்டியலை அந்தந்த ஆண்டு நீக்கியவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டேன். இரண்டிலும் இருந்த பெயர் ஒன்றே ஒன்று. மாரீஸ்வரி, விளாத்திகுளம் பக்கம், சென்ற ஆண்டு நீக்கப்பட்டவள்.

அவள் முகம் எனக்கு நினைவில்லை. அவள் எழுதியது இருந்தது. "அஞ்சு குடம் நிறையும் வரைக்கும்" என்று ஒரு வீட்டுக்கு எழுதியிருந்தாள். எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு.

பழைய எண் மாறியிருந்தது. பேச்சி மூலமாகப் புதிய எண் கிடைத்தது. மாரீஸ்வரி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்றாள் பேச்சி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். நிரல், எச்சரிக்கை என்றெல்லாம் போகாமல், நீ எழுதியது எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது, நான் செய்த தவறால் அது காலியாகத் தெரிந்தது, உன்மேல் பிழை எதுவும் இல்லை என்றேன்.

சாப்பாட்டு நேரத்திலும் அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்கிறதா என்று கேட்டேன்.

"கேக்குதுக்கா. நான் எழுதலையோன்னு நானே நெனச்சுட்டேன்."

"எப்படி?"

"அனுப்புற பட்டன அமுக்காம விட்டுட்டேனோ, போன் ஆஃப் ஆயிட்டோன்னு. ஒரு வருசமா அதத்தான் யோசிச்சிட்டுக் கெடக்கேன். எழுதுன ஞாவகம் நல்லா இருக்கு. ஆனா டெல்லியில இருந்து வரலன்னு சொல்லும்போது நாமதான விட்டிருப்போம்."

அடுத்த சுற்றில் வேலைக்குத் திரும்ப வர முடியுமா என்று கேட்டேன். ஜெபராஜிடம் அதற்கு ஒப்புதல் வாங்கி வைத்திருந்தேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்க்கா. பிள்ளய இங்கதான் ஸ்கூல்ல சேத்துருக்கு." பிறகு, "இப்ப நீங்க சொன்னத எழுதித் தருவியளா? தமிழ்ல?"

"தாரேன். வீட்டுல காட்டவா?"

"வீட்டுல யாரு கேக்கா. எனக்குத்தான்." மெஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்திருக்க வேண்டும்; குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. "இங்க பீஸ் எண்ணிக் கட்டு போடுற வேல. நான் எண்ணுனதயே திரும்பத் திரும்ப எண்ணுவேன். சூப்பர்வைசர் திட்டுவாரு, உனக்கே உன்மேல நம்பிக்க இல்லையான்னு. நீங்க எழுதித் தந்தா ஒரு தடவயோட நிறுத்திப் பாக்கலாம்லா."